ஆரம்பாக்கத்தில் முடிகிறது தமிழ்நாடு!

சென்னையிலிருந்து வடக்கே போகிற ரயிலில் ஜன்னலோரமாக உட்காருங்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியதும் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் வரும். அதன் பெயர் என்ன தெரியுமா? ஆரம்பாக்கம்! முடிகிற இடத்தில் ஆரம்பம். அதற்கு அடுத்த ஸ்டேஷன் ஆந்திராவில் இருக்கிறது. அதன் பெயர் தடா. 'இதுக்கு மேல வராதே' என்று சொல்கிற மாதிரி!

எங்கள் திருவள்ளூர் மாவட்டம் முழுக்க இப்படித்தான். 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்தபோது ஊர்களைக் கொடுத்தார்கள். கூடவே குழப்பத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடியேனுக்கு வீடு திருவள்ளூரில். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு கம்பி கம்பெனியின் டெஸ்பாட்ச் செக்ஷனில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. அதனால் கம்பெனி பஸ்தான் கதி.

டெஸ்பாட்ச் என்றால் லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலை என்று நினைப்பீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி, வெளி மாநில டிரைவர்களுக்குப் போனில் வழி சொல்கிற வேலை. அவர்கள் எல்லோரிடமும் மேப் உள்ள செல்போன் இருக்கிறது. இருந்தும் ஏன் எனக்குப் போன் செய்கிறார்கள்? மேப் இருப்பதால்தான் செய்கிறார்கள்!

ரெண்டு அத்திப்பட்டு

ஒரு நாள் அத்திப்பட்டுக்கு ஒரு லோடு போனது. எண்ணூருக்குப் பக்கத்தில், மீஞ்சூர் போகிற ரயில் பாதையில் இருக்கிற அத்திப்பட்டு. மத்தியானம் டிரைவர் கூப்பிட்டார்.

"சாப், அத்திப்பட்டு ஆ கயா. பார்ட்டி கிதர்?"

"பக்கத்துல என்னய்யா தெரியுது?"

"பஹுத் ஃபேக்டரி சாப். பெரிய எஸ்டேட்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனுஷன் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய அத்திப்பட்டில் நிற்கிறார்! மேப் அம்மணி பொய் சொல்லவில்லை. அதுவும் அத்திப்பட்டுதான், இதுவும் அத்திப்பட்டுதான். 2018-ல் அம்பத்தூர் தாலுகாவைச் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கும் வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் வேறு இருந்தன. லாரி திரும்பி வந்து சேர்ந்தபோது பார்ட்டி கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு நாள் வெயிட்டிங் சார்ஜ் தண்டம்.

இதைவிடப் பாவம் எங்கள் செக்ஷன் நண்பரின் மாமா பையன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கு இன்டர்வியூவுக்கு வந்தான். தேர்வாய் கண்டிகை என்றால் 2020-ல் புது நீர்த்தேக்கம் திறந்தார்களே, அந்த ஊர். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இருக்கிறது. தென் மாவட்ட பஸ்கள் இப்போது வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. பையன் இறங்கினான். போனில் 'கண்டிகை' என்று மட்டும் அடித்தான். 'இதோ, பக்கத்தில்தான்' என்றது போன். பயலுக்கு ஒரே குஷி.

ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "அண்ணா, கண்டிகை வந்துட்டேன். வர்ற வழியில ஜூகூடப் பார்த்தேன்."

"தம்பி... எங்க ஊர்ல ஜூ கிடையாதுப்பா!"

வண்டலூர் பக்கம் ஒரு கண்டிகை இருக்கிறது. சென்னைக்கு அந்தக் கோடி அது, இந்தக் கோடி இது. நடுவில் மொத்தச் சென்னையும் டிராஃபிக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அவன் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. இன்டர்வியூ எடுத்த ஆபீசர் கிளம்பிவிட்டார். அன்று ராத்திரி நண்பர் ரூமில் பாயைப் போட்டுப் படுத்து, மறுநாள் எட்டு மணிக்கே கேட்டில் போய் நின்றான். கேட்டுப் பார்த்து உள்ளே விட்டார்கள். வேலை கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் 'மறுநாள்' என்று ஒன்று கிடைப்பதில்லை சார்.

இன்னும் உண்டு. பூண்டி என்றால் சென்னைக்குத் தண்ணீர் தருகிற, 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகரும் பூண்டிதான். எங்கள் கும்மிடியும் பூண்டிதான். தஞ்சாவூர்ப் பக்கம் மாதா கோயிலுள்ள பூண்டி ஒன்று தனி. ஆரணி என்றால் பட்டுப்புடவை ஆரணி என்று ஊரே நினைக்கும். பெரியபாளையத்துக்குப் பக்கத்திலும் ஓர் ஆரணி உண்டு. திருவள்ளூரை ஒட்டி ஈக்காடு. சென்னை கிண்டிப் பக்கம் ஈக்காட்டுத்தாங்கல். முதல் நாலு எழுத்தை அடித்ததும் போன் முந்திக்கொண்டு மீதியைத் தானே எழுதிவிடும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு ஊர், மூணு பேர்

இரண்டு ஊருக்கு ஒரே பெயர் என்பது ஒரு ரகம். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பெயர் என்பது இன்னொரு ரகம்.

செங்குன்றம்தான் ரெட்ஹில்ஸ். தமிழ் தெரிந்தவனுக்கும் இங்கிலீஷ் தெரிந்தவனுக்கும் புரியும், இரண்டும் தெரியாத டிரைவருக்கு அவை இரண்டு ஊர். பழவேற்காடுதான் புலிகாட். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, புலிகாட் மட்டும் மேப்பில் நிற்கிறது. பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, பூனமல்லி மூன்றும் ஒன்றே.

ரோடுகளும் சளைத்தவை அல்ல. எங்கள் கம்பெனிக்கு வருகிற ரோட்டுக்கு மேப்பில் தேசிய நெடுஞ்சாலை 16 என்று பெயர். முன்பு அது 5. ஆசிய நெடுஞ்சாலை 45 என்றும் போட்டிருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது என்றைக்கும் ஜி.என்.டி. ரோடு. 'கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க் ரோடு' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரின் சுருக்கம். திருவள்ளூர் ரோடு, வில்லிவாக்கம் பக்கம் எம்.டி.எச். ரோடு. ஆவடி பக்கம் சி.டி.எச். ரோடு. மெட்ராஸ் சென்னையாக மாறியது பாதி ரோட்டுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது!

பெயர் பிறக்கிற விதமும் வேடிக்கைதான். திருவொற்றியூரை ஒட்டிய விம்கோ நகர், 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்கிற தீப்பெட்டி கம்பெனியின் முதலெழுத்துகளில் பிறந்தது. 2021-ல் மெட்ரோ ரயிலுக்கும் அதே பெயர். பட்டாபிராமுக்குப் பக்கத்து ஸ்டேஷனின் பெயரே 'இந்து கல்லூரி'. அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் எல்லோரும் காலேஜுக்குப் போகிறவர்கள் அல்ல. சென்னையில் ஹாமில்டன் பாலம் ஜனங்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதை யாரோ ஒரு புத்திசாலி திரும்ப இங்கிலீஷில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கினார் என்று ஒரு பழைய கதை உண்டு. செல்போன் வருவதற்கு முன்னாலேயே நாம் இதில் கில்லாடிகள்!

போதாததற்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங். கும்மிடிப்பூண்டிக்கு ஹைவே போர்டில் இரண்டு 'ஓ'. ரயில்வே போர்டில் ஒரு 'யூ'. திருவள்ளூரை வெள்ளைக்காரன் 'ட்ரிவெல்லூர்' என்று எழுதினான். ரயில்வேயில் ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் டி.ஆர்.எல். என்றுதான் குறியீடு. இதையெல்லாம் சரிசெய்ய தமிழக அரசு 2020-ல் ஓர் ஆணை போட்டது. 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டதில் அது 'வீலூர்' மாதிரி ஆகிவிட்டது. பத்து எழுத்தில் இருந்த கோயம்புத்தூர் பதினாலு எழுத்தானது. அப்ளிகேஷன் ஃபாரத்தில் கட்டம் போதாது! ஜூன் மாதம் விஷயம் வெளியே வந்து ஜனங்கள் கலாய்த்துத் தள்ள, பத்து நாளுக்குள் ஆணையை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

ஸ்பெல்லிங் பார்த்து வாய்விட்டுப் படிக்கிற மேப் அம்மணியின் பாடு இன்னும் மோசம். நம் 'ழ' அவர்களுக்கு எமன். புழலைத் தாண்டுகிறபோதெல்லாம் என் போன் 'புஸ்ஹால்' என்று தும்முகிறது.

மேப்பில் முளைத்த ஊர்

தப்பு எங்கேயிருந்து வருகிறது? சாட்டிலைட் படத்தில் ரோடு தெரியும், கூரை தெரியும், ஏரி தெரியும். பெயர் தெரியாது. ஊரின் பெயர் ஆகாயத்தில் எழுதியிருக்கவில்லை, மனுஷன் வாயில்தான் இருக்கிறது. அதை யாராவது சொல்ல வேண்டும், யாராவது எழுத வேண்டும்.

இந்தியாவை முறையாக அளக்கிற மகா வேலை தொடங்கியதே நம்ம சென்னையில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்கிற அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார். அவருடைய தியோடலைட் கருவி அரை டன் கனம். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏற்றும்போது அது மோதி நசுங்க, மனுஷன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே நிமிர்த்தினார். அத்தனை பாடு பட்ட மேப் அது.

இன்றைக்கு? செல்போன் மேப்புகளில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் 'இந்த இடத்துக்கு இது பேர்' என்று எழுதி அனுப்பலாம். நல்லவர்களும் அனுப்புகிறார்கள். பிளாட் போடுகிறவர்களும் அனுப்புகிறார்கள். 'சென்னைக்கு மிக அருகில்' என்று டி.வி.யில் சிரிப்பார்களே, அந்த ரகம். எங்கள் பக்கத்தில் ஒரு பொட்டல் காட்டுக்கு மேப்பில் இங்கிலீஷில் சொர்க்கம், பசுமை, பட்டணம் என்று மூன்று வார்த்தைப் பெயர். நேரில் போனால் நாலு கல், ஒரு வளைவு, இரண்டு ஆடு. அதை ஒட்டி மூன்று தலைமுறையாக இருக்கிற குடிசைப் பகுதிக்கு மேப்பில் பெயரே இல்லை.

இந்தக் கூத்து நமக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் 1930-களில் ஒரு மேப் கம்பெனி, தன் மேப்பை யாராவது காப்பியடித்தால் கண்டுபிடிக்க, நியூயார்க் மாநிலத்தில் 'அக்லோ' என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டு வைத்தது. சில வருஷத்தில் இன்னொரு பெரிய கம்பெனியின் மேப்பிலும் அக்லோ! 'மாட்டினான்டா' என்று பாய்ந்தால், அவர்கள் 'அந்த இடத்தில் நிஜமாகவே அக்லோ ஸ்டோர்ஸ் என்று கடை இருக்கே' என்றார்களாம். பழைய மேப்பைப் பார்த்து எவரோ கடைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்! 2014 வரை கூகுள் மேப்பில்கூட அக்லோ இருந்தது. இங்கிலாந்தில் 2009 வாக்கில் கூகுள் மேப்பில் 'ஆர்கில்டன்' என்று ஓர் ஊர் தெரிந்தது. போய்ப் பார்த்தால் வெறும் வயல்.

சிரிப்பு நிற்கிற இடம்

2024 ஜனவரியில் நீலகிரி கூடலூரில் ஒரு கார், மேப் காட்டிய வழியில் போய் படிக்கட்டில் இறங்கி நின்றது. போலீசும் ஜனங்களும் சேர்ந்து மீட்டார்கள். யாருக்கும் அடியில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலிப் பக்கம், வெள்ளத்தில் ஒரு பக்கம் போய்விட்ட பாலத்தில் ராத்திரி ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். பாலம் உடைந்தது மேப்புக்குத் தெரியவில்லை. தடுப்பு வைக்க வேண்டியவர்களும் வைக்கவில்லை. பொதுப்பணித் துறை என்ஜினீயர்கள் மீதும் வழக்குப் பதிவானது.

எங்கள் லைனிலும் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 2001-ல் அஜித் நடித்த 'சிட்டிசன்' ஞாபகமிருக்கிறதா? அத்திப்பட்டி என்று ஒரு மீனவக் கிராமம் மேப்பிலிருந்தே காணாமல் போய்விடும். தியேட்டரில் விசிலடித்தோம். நிஜ அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலில் சேர்கிற இடம். இறாலும் மீனும் அங்கே பல கிராமங்களுக்குச் சோறு. மழைக்காலத்தில் வெள்ளம் வடிகிற வாய்க்காலும் அதுதான்.

1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் அந்தக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் தெளிவாக இருந்தது, சுமார் 6,500 ஏக்கர். பிற்பாடு வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய காகிதங்களைக் காட்டி 2017-ல் சூழல் ஆர்வலர்கள் குற்றம் சாட்டினார்கள். தண்ணீர் ஓடுகிற இடம் காகிதத்தில் தண்ணீரே இல்லாத இடம்! அந்த வருஷம் ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா கழிமுகத்து ஓரத்தில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். அக்டோபரில் கமலஹாசன் நேரில் போய்ப் பார்த்தார்.

காகிதத்தில் ஆறு இல்லையென்றால் என்ன ஆகும்? அங்கே சாம்பல் கொட்டலாம், மண் அடிக்கலாம், கட்டடம் கட்டலாம். 'ஆறா? எந்த ஆறு?' என்று கேட்கலாம். டிரைவர் வழி தவறினால் ஒரு நாள் வெயிட்டிங் சார்ஜ். ஆறு மேப்பில் தவறினால் வலை போடுகிறவனுக்கு ஆயுசுக்கும் வெயிட்டிங்.

அதனால்தான் சொல்கிறேன், மேப்பில் பெயர் என்பது வெறும் எழுத்தில்லை. 'நாங்க இங்க இருக்கோம்' என்கிற சாட்சி. பெயரில்லாத தெருவுக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்? எங்கள் பக்கம் ஒரு ராத்திரி ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுவலி. மேப்பில் அந்தத் தெரு இல்லை. டீக்கடை அண்ணன் கூட்டுரோட்டில் போய் நின்றுகொண்டு செல்போன் டார்ச்சை ஆட்டினார். வண்டி நேராக வந்தது. தாத்தா இப்போது அதே கடையில் டீ குடிக்கிறார், சர்க்கரை இல்லாமல்.

நாம என்ன செய்யலாம்?

1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததே இந்த ஒரே பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 601201 என்றால் கும்மிடிப்பூண்டி, 602001 என்றால் திருவள்ளூர். வழி தேடும்போது ஊர்ப் பெயரோடு பின்கோடையும் சேர்த்து அடியுங்கள், பாதி அத்திப்பட்டுகள் ஓடிவிடும். 2025-ல் தபால் துறை 'டிஜிபின்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் நாலு மீட்டர் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் பத்தெழுத்துக் குறியீடு. டீக்கடை பாய்லருக்கு ஒரு நம்பர், பெஞ்சுக்கு ஒரு நம்பர்!

நம்பர் வரட்டும், சந்தோஷம். ஆனால் நம்பர் தெருவின் பெயரைச் சொல்லாது. உங்கள் தெரு மேப்பில் இல்லையா, பக்கத்துக் குப்பத்தின் பெயர் தப்பா, உங்கள் ஏரி மேப்பில் பிளாட்டாகிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுகிற நேரத்தில் பத்து நிமிஷம் போதும். திருத்தம் அனுப்ப மேப்பிலேயே வழி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தத் தெருப் பெரியவர் ஒருவரிடம் சரியான பெயரைக் கேளுங்கள். தமிழிலும் எழுதுங்கள். 'ழ'வை விட்டுவிடாதீர்கள்.

கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை சார். எங்கள் ஊரின் பெயரே ஒரு கேள்விதான். திருவள்ளூருக்குப் பழைய பெயர் திருஎவ்வுள். தை அமாவாசையன்று கிழவராக வந்த பெருமாள், சாலிஹோத்திர முனிவரிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, 'படுக்க எவ்வுள்?', அதாவது 'எந்த இடம்?' என்று கேட்டாராம். முனிவர் தன் குடிசையையே காட்ட, அங்கேயே படுத்துவிட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை. வீரராகவர் சயனக் கோலத்தில் இருப்பதற்குத் தலபுராணம் சொல்கிற காரணம் இது.

உலகத்தையே அளந்தவர்கூட, இடம் தெரியாதபோது உள்ளூர்க்காரரைத்தான் கேட்டிருக்கிறார். நமக்கென்ன, கூட்டுரோட்டில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இது எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவோமே!